ஹைடல்பர்க்கிலிருந்து வருபவருக்கு மதுரையில் எதைக் காட்டுவது?

கேள்வி: ஐயா, என் மகள் ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. போன கோடையில் நானும் அவள் அப்பாவும் போய்வந்தோம். ஆறு, பழைய பாலம், கல் பாவிய தெரு, அந்தத் தெருவுக்குள்ளேயே கல்லூரிக் கட்டடங்கள். 1386-இல் தொடங்கியதாம். சேட்டை செய்த மாணவர்களை அந்தக் காலத்தில் அடைத்துவைத்த சிறையைக்கூட டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். சுவர், கூரை எல்லாம் பையன்கள் எழுதிய பெயரும் வரைந்த படமும்தான். இப்போது அவளுடைய பேராசிரியை ஜனவரியில் மதுரைக்கு வருகிறார். “கோயிலை நானே பார்த்துக்கொள்வேன். உங்கள் ஊரில் பழங்காலத்தில் படிப்பு நடந்த இடம் ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறார். சங்கம் வைத்த ஊர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். எதைக் காட்டுவது என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கையில் இருப்பது ஒரே நாள். எங்கே கூட்டிப் போகலாம்?
— ஒரு வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: சங்கம் வைத்த ஊர் என்று சொன்னதில் தப்பில்லை அம்மா. அதைக் காட்டுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து சங்கப் பலகையின் கதையைச் சொல்லலாம், கேட்க நன்றாக இருக்கும். வருகிறவர் பேராசிரியை, அடுத்த கேள்வி ஆதாரம் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

ஹைடல்பர்க்கைப் போலக் கட்டடமாக எதையும் தேடாதீர்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, 1610-இல் எழுதிய ஒரு கடிதத்தில், இந்த ஊரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள் என்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஆனாலும் அவ்வளவு பேர் படித்ததற்கு இன்று ஒரு வகுப்பறைச் சுவர்கூட மிச்சமில்லை. இங்கே படிப்பு ஆசிரியரோடு இருந்தது. ஆசிரியர் எங்கே உட்கார்ந்தாரோ அதுதான் கல்லூரி.

அப்படி ஆசிரியர்கள் உட்கார்ந்த இடம் ஒன்று பெயர் விலாசத்தோடு மிஞ்சியிருக்கிறது. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் போய்த் திரும்பினால் கீழக்குயில்குடி. ஊருக்குப் பின்னால் நிற்கும் மொட்டைப் பாறைதான் சமணர் மலை. உங்கள் விருந்தாளிக்கு முதலில் காட்ட வேண்டியது இதுதான். பள்ளி என்ற சொல்லையே இங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம். சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே போய்ப் படித்துப் பழகித்தான் நமக்குப் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள்.

மலையடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு தென்மேற்குப் பக்கம் போனால் செட்டிப்புடவு. ஒரு குகை, அதன் வாயருகே பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர். எல்லாரும் அந்த முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் பீடத்துக்குக் குனியுங்கள். அங்கே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவருடைய மாணாக்கர் குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறை ஆசிரியர், மாணவர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கனகவீரர் இந்தத் திருமேனியைச் செய்வித்தது குயிற்குடி ஊரார் பேரால். சிலையைக் காக்கும் பொறுப்பு பள்ளிச் சிவிகையார்மேல் இருக்கிறது. சிவிகை என்றால் பல்லக்கு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்ப்பெயர் இன்றைய பஸ் பலகையிலும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதையும் அவருக்குக் காட்டுங்கள்.

குறண்டி என்பது அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்த பெரிய சமணப் பள்ளி. திருக்காட்டாம்பள்ளி என்று அதற்குப் பெயர். அங்கே படித்தவர்கள் இங்கே வந்து பாடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி இன்னொன்றில் வேலைக்குச் சேர்வதைப் போலத்தான். பேராசிரியைக்கு விளக்கமே தேவைப்படாது.

கால் ஒத்துழைத்தால் அய்யனார் கோயில் பக்கம் திரும்பிவந்து படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்கும் போங்கள். சுனையும், அதன் மேல் பாறையில் வரிசையாகச் சிற்பங்களும் உண்டு. அவற்றில் ஒன்றை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்ததாக எழுத்து சொல்கிறது. அச்சணந்தி இந்த வட்டாரத்து மலைகளில் பல இடங்களில் பெயர் காணப்படும் துறவி. மகன் துறவியான பிறகும் ஒரு தாயின் பெயர் மலையில் நிற்கிறது. எனக்கு இந்த மலையிலேயே பிடித்த வரி அதுதான்.

நேரம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பல வருஷத்துக்கு முன் நான் முதன்முதலாக மாணவர்களைக் கூட்டிப் போனபோது, காலைப் பலகாரம் முடித்து நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம். மணி பதினொன்று. உச்சி வெயிலில் பாறை பளீரென்று இருந்ததே தவிர ஓர் எழுத்தும் கண்ணில் படவில்லை. “சார், இங்க ஒண்ணுமே இல்லையே” என்றான் ஒரு பையன். மறுநாள் ஏழு மணிக்குப் போனோம். சாய்வெயில் பட்டதும் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்தது, அதே பையன் விரலை வைத்து ‘ம’ எங்கே, ‘ண’ எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டான். ஆகவே விடிந்ததும் கிளம்புங்கள். வழியில் ஒரு தம்ளர் பருத்திப்பால் போதும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் ஊருக்குள் வந்துவிடலாம். கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி. 1881-இல் பசுமலையில் தொடங்கிப் பிறகு இங்கே வந்தது. செங்கல் சிவப்பில் நிற்கும் மெயின் ஹாலை வரைந்தவர் ஹென்றி இர்வின். எழும்பூர் ரயில் நிலையமும் மைசூர் அரண்மனையும் அவர் கைவண்ணம். வராந்தாவில் பத்து நிமிஷம் நில்லுங்கள், வெளியே அடிக்கும் ஹாரன் பாதியாகக் குறைந்துவிடும். சாலமன் பாப்பையா படித்ததும் தமிழ் கற்பித்ததும் இந்த வளாகத்தில்தான். இங்கே உள்ள நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணத்தில் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை நடத்திவிட்டு 1835-இல் மதுரைக்கு வந்தவர் அவர். அதே செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றினார். பேராசிரியைக்குத் தமிழில் ஆர்வம் இருந்தால் இந்த வழியைச் சொல்லுங்கள், நோட்டை எடுத்துவிடுவார். இது நடக்கிற கல்லூரி, கண்காட்சி இல்லை. முன்கூட்டியே அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் தமிழ்ச் சங்கம் சாலை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கம் அங்கே இருக்கிறது. ‘செந்தமிழ்’ இதழ் அதிலிருந்து வந்ததுதான். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இதே தேவர். ஆனால் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் விளங்காது. விவரத்தைக் காரிலேயே சொல்லிமுடித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் சிறைக்கூடம். 1778 முதல் 1914 வரை அதை நடத்தியிருக்கிறார்கள். இரவில் தெருவில் கத்தியதற்கெல்லாம் உள்ளே போட்டுவிடுவார்களாம். உள்ளே இருந்த பையன்கள் கிறுக்கிய பெயருக்கு இன்று டிக்கெட் வைத்திருக்கிறார்கள். சமணர் மலையிலும் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள் அம்மா, அம்பும் இதயமும் போட்டு, நம் காலத்துப் பையன்கள். பேராசிரியை கண்ணில் அது கட்டாயம் படும். மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், எப்படியும் கேட்பார். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு, பீடத்துப் பக்கம் கூட்டிப் போங்கள். ஒரு டார்ச் கொண்டுபோங்கள். குகைக்குள் கூரையை ஒட்டிச் சிங்கத்தின் மேல் அமர்ந்து போரிடும் தேவி இருக்கிறாள். அங்கே வெயில் வராது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.