நேர்முகப் பரீட்சையும் மலையகத் தாதியரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலே தாதியர் படிப்பை நாடும் ஒரு பெண்ணுக்கோ, அதை முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு பெண்ணுக்கோ நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்து சேர்ந்துவிட்டதென்றால், அச்செய்தி கொழுந்து நிறுக்கும் இடம்வரை போய்ச் சேருவதற்குள்ளாகவே அவளுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளும் ஒரு கூடை நிறையச் சேர்ந்துவிடுகின்றன. மந்திரியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்; லயத்து விலாசத்தைக் காட்டாதே; 'தெரியாது' என்ற சொல்லை வாயில் எடுக்காதே; சிங்களம் சரளமாக வராவிட்டால் போவதே வீண் பிரயாசை. சொல்பவர்கள் எல்லோரும் அவள்மீது அன்பு கொண்டவர்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்போடு சொல்லப்பட்ட காரணத்தினாலேயே ஓர் அபிப்பிராயம் சரியானதாகிவிடுவதில்லை. இவற்றுட் சில ஒருகாலத்தில் உண்மையாயிருந்து இன்று பொய்யாகிவிட்டவை, சில என்றைக்குமே பொய், ஒன்றிரண்டு பாதி உண்மை.

இவற்றுள் மிக ஆழமாக வேரோடியிருப்பது, அரசாங்க உத்தியோகம் நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது, அதற்கு மேலிடத்துச் சிபாரிசு வேண்டும் என்ற எண்ணமாகும். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியதும், 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை அவர்களை இரண்டு தேசங்களுக்கிடையே தலைக்கணக்கிற் பங்கிட்டதும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அந்தப் பிரச்சினை இழுபட்டதும் சரித்திரம். பிரசையாக அங்கீகரிக்கப்படாதவருக்கு அரசாங்க சேவையின் கதவு திறக்கப்போவதில்லையாதலால், இன்றைய பெண்ணின் பாட்டி அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவள் உண்மையையே சொன்னாள். அந்த உண்மை காலாவதியான பின்னரும் பேத்தியின் வாயில் அது அப்படியே நிலைத்திருப்பதுதான் இடர்.

இன்றைய நடைமுறை வேறு. சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது வர்த்தமானியில் விண்ணப்பம் கோருகிறது, க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் அதன் இசட் புள்ளியுமே தெரிவின் ஆதாரம். அங்கே நடைபெறும் நேர்முகம் பெரும்பாலும் சான்றிதழ்களையும் அடிப்படைத் தகைமைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. மந்திரியின் கடிதம் இசட் புள்ளியை உயர்த்துவதில்லை. மேலும், பலர் கவனியாத விசேஷம் ஒன்றுண்டு: அரசாங்க வழியிலே நேர்முகம் பயிற்சிக்கு முன்னால் வருகிறதேயன்றிப் பின்னால் அன்று. மூன்று வருடப் பயிற்சியை முடித்தவர் தாதிய உத்தியோகத்தராக நியமனம் பெறுகிறார். ஆகவே படிப்பை முடித்துவிட்டு மேசைக்கு முன்னால் நடுங்கி உட்காரும் அனுபவம், தனியார் வைத்தியசாலைகளின் வாசலில் நிற்போருக்கும் கடல் கடந்து போக விரும்புவோருக்குமே அதிகம் உரியது.

அரசாங்க நேர்முகத்திலே மலையகப் பிள்ளைகளின் கால் இடறுமிடம் பேச்சு அல்ல, காகிதம். பிறப்பைப் பதிந்தவர் ஒரு மொழியில் எழுதியதை மற்றொருவர் வேறு மொழிக்குப் பெயர்த்தெழுதியதன் விளைவாக, பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையிலே வேறோர் எழுத்துக்கூட்டலும், பரீட்சைச் சான்றிதழிலே தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறியும் நிற்பது தோட்டப்புறத்திலே மிகச் சாதாரணம். இத்தகைய பிழையை நேர்முகத்துக்கு முதல்நாள் கண்டுபிடித்துப் பயனில்லை. பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புச் சான்றிதழின் திருத்தத்துக்கு விண்ணப்பித்தால் அது நிறைவேற மாதங்கள் செல்லக்கூடும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதிலேயே மூன்று பத்திரங்களையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் குடும்பம், சிபாரிசுக் கடிதத்துக்காக நாலு வாசல் ஏறி இறங்கும் குடும்பத்தைவிடப் பெரிய உபகாரத்தைத் தன் பிள்ளைக்குச் செய்கிறது.

காகிதத்தைப் பற்றிய இன்னொரு பிரமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரத்துத் தனியார் நிலையமொன்றிலே ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்து, பட்டம் சூட்டும் விழாவிலே கறுப்பு அங்கியோடு புகைப்படமும் எடுத்துக்கொண்டால் தாதியாகிவிடலாமென்று நம்பி, கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு கிடைக்காத எவரும் பதிவுபெற்ற தாதியாகார். தொழிற்கல்வி வழியாகப் பெறும் தாதி உதவியாளர் சான்றிதழ் கண்ணியமானதொரு தொழிலுக்கு உரியதுதான். ஆனால் அது வேறு தொழில். படிப்பிற் சேருமுன் பேரவையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம், மூன்று இடங்களில் நேர்முகத்திலே நிராகரிக்கப்பட்ட பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

மொழியைப் பற்றிய நம்பிக்கை இருவகையாகப் பிறழ்கிறது. சிங்களம் தெரியாவிட்டால் எல்லாம் முடிந்தது என்பார் ஒருசாரார். நம்முடைய மாவட்டத்திலே தமிழே போதும் என்பார் மறுசாரார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. 2007ஆம் ஆண்டின் அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கையோ, அவ்வாண்டு யூலை மாதம் முதல் சேவையிற் சேர்வோர் மற்றைய அரச கரும மொழியில் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. அதாவது, தமிழ்ப் பெண் சிங்களம் கற்பதற்கு அவகாசம் உண்டு. சிங்களப் பெண்ணுக்கும் தமிழ் கற்கும் கடமை அதே அளவில் உண்டு. மாவட்ட சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழராயிருக்க, நெஞ்சு 'சுருக்கென்று குத்துகிறது' என்பதற்கும் 'அடைக்கிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்தே அறியக்கூடிய தாதி, தமிழை ஒரு குறைபாடாகக் கருதி ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? ஆயினும் இந்நாட்டு வைத்தியசாலைகளிலே பெட் ஹெட் டிக்கெட் முதலாக மருந்துக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன என்பதால், அதனை வாசிக்கவும் எழுதவும் தெரியாமல் எந்த வார்டிலும் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. தனியார் வைத்தியசாலை நேர்முகங்களில் ஆங்கில உச்சரிப்பின் நளினத்தை அளக்கிறார்களென்ற பயம் மிகையானது. மருந்தின் அளவைத் திருத்தமாகப் படித்துச் சொல்லுகிறாளா என்பதே அவர்களுடைய கவலை, அல்லது கவலையாயிருக்க வேண்டும்.

இனி, நேர்முக மேசையிலே நிகழ்வதற்கு வருவோம். அனுபவமில்லாதவளை யார் எடுப்பார் என்று அஞ்சும் பெண், தன்னிடம் இல்லாத அனுபவத்தைப் புனைந்துரைக்கத் தொடங்கும்போதே பாதி தோற்றுவிடுகிறாள். அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பட்ரிஷியா பென்னர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தாதியொருத்தி புதியவள் என்ற நிலையிலிருந்து நிபுணி என்ற நிலைக்கு ஐந்து படிகளைக் கடக்கிறாளென்று காட்டினார். பயிற்சி முடித்தவள் இரண்டாவது படியில் நிற்பது இயல்பு, குற்றமன்று. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1974இல், மார்லின் கிரேமர் என்ற அம்மையார், பாடசாலையிற் கற்ற இலட்சியமும் வார்டின் யதார்த்தமும் மோதும் அதிர்ச்சியினால் இளந்தாதியர் தொழிலையே துறப்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆகவே விஷயமறிந்த தேர்வாளர், புதியவளிடம் அனுபவத்தைத் தேடுவதில்லை. அவள் ஆபத்தானவளா, அல்லளா என்பதையே தேடுகிறார்.

இதை அறிவதற்கு அவர்கள் கையாளும் கேள்விகளுள் முதன்மையானது, நீங்கள் ஒரு நோயாளிக்குத் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டீர்கள், என்ன செய்வீர்கள் என்பது. 'நான் அப்படிப்பட்ட தவறு செய்யவே மாட்டேன்' என்று நிமிர்ந்து சொல்வதுதான் சிறந்த விடை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வாளருக்கு இதைவிட அச்சமூட்டும் பதில் வேறில்லை. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளிலே தவறுகளினால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையிலானோர் இறப்பதாக மதிப்பிட்டதோடு, மறைக்கப்படும் தவறே மறுபடியும் நேரும் தவறு என்பதையும் உலகுக்கு உணர்த்தியது. முதலில் நோயாளியைப் பார்க்கவேண்டும்: உணர்வு, சுவாசம், நாடி, இரத்த அழுத்தம். பிறகு வைத்தியருக்கும் பொறுப்புத் தாதிக்கும் உடனே அறிவிக்கவேண்டும். நடந்ததை நடந்தபடியே குறிப்பில் எழுதவேண்டும். நோயாளியை விட்டகலாது அவதானிக்கவேண்டும். இந்த வரிசையைச் சொல்லுகிறவள், குரல் நடுங்கினாலும் தேறுவாள். 'தெரியாது' என்ற சொல்லும் அத்தகையதே. தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்பேன், எதைப் பார்ப்பேன், அதுவரையில் நோயாளிக்கு என்ன செய்வேன் என்று தொடர்ந்தால், அது விடையில்லாத விடையன்று. அவளிடம் எதிர்பார்க்கப்பட்ட விடை.

லயத்து விலாசத்தை மறைக்கச் சொல்லும் உபதேசத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தேயிலை மலையில் குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு இரைக்க, பெண்கள் வைத்தியசாலைக்குத் தூக்கி வரப்படும் காட்சியை டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கண்டிராதவர் யார்? அந்த நிலையிலே முதன்மையான மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றும் அட்ரினலின் என்பதையும், நோயாளியை எழுந்து நடக்கவிடாமல் படுக்கவைக்கவேண்டும் என்பதையும் புத்தகத்திலே எல்லோரும் படிக்கலாம். ஆனால் பலர் ஒரே நேரத்தில் கொட்டுப்பட்டு வந்து சேர்வார்கள், வாகனம் கிடைக்கத் தாமதமாகும், வலியைப் பொறுத்துப் பழகியவர்கள் மூச்சுத்திணறலையும் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள் என்பதைத் தோட்டத்திற் பிறந்தவள் சொன்னால் அது தனி ஞானம். 2016ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வு, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதமாயிருக்க, தோட்டப்புறத்திலே 32 சதவீதமென்று கணித்தது. இந்த இலக்கத்தின் காரணங்களை, லயத்து அறையின் புகை முதல் பிள்ளை மடுவத்தின் பகலுணவு வரை, கண்ணால் கண்டவள் அந்த விலாசத்தை ஒளிக்காமல் முதல் வரியில் எழுதலாம்.

தேர்வாளர் பக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. ஆள் உள்ளே வந்து உட்காரும் விதத்திலேயே நான் மதிப்பிட்டுவிடுவேன் என்பார்கள். 1998ஆம் ஆண்டில் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் எண்பத்தைந்து ஆண்டுகால ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லோரிடமும் ஒரேமாதிரியான கேள்விகளைக் கேட்டு ஒரேமாதிரி புள்ளியிடும் நேர்முகமே, மனம்போனபடி நடக்கும் சம்பாஷணையைவிட வேலைத் திறமையை நன்கு முன்னறிவிப்பதாகக் கண்டார்கள். முகராசி பார்ப்பது அனுபவமாகாது.

வெளிநாட்டு நேர்முகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொலைபேசியில் பத்து நிமிஷம் பேசி 'தேறிவிட்டீர்கள்' என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர் நடத்துவது நேர்முகமன்று. பிரித்தானியாவிலே தாதியாகப் பதிவுபெற ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் வாசிப்பு, செவிமடுத்தல், பேச்சு ஆகியவற்றில் 7 புள்ளியும் எழுத்தில் 6.5 புள்ளியும், அல்லது அதற்கீடான வேறு ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். அதோடு கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. வேலை தேடுபவரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் அறவிடுவதை அந்நாட்டு ஒழுக்கக்கோவை தடைசெய்கிறது. முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். பராமரிப்பாளர் வேலைக்கும் தாதி வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பந்தத்தின் எழுத்திலேயே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் கடிதம் வந்தவர்களுக்கு. கடிதமே வராதவர்களின் தொகை அதனினும் பெரிது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, தாதியியலின் முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த தினத்திலே, இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் திறந்துவைத்தார். கட்டடம் வந்துவிட்டது, அந்தக் கட்டில்களின் அருகே நோயாளியின் மொழி பேசி நிற்கவேண்டிய பெண்களை உருவாக்கும் விஞ்ஞானப் பிரிவு மட்டும் மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளுள் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சிலவற்றைத் தவிர ஏனையவற்றிலே ஆசிரியரின்றித் தவிக்கிறது. உயிரியலும் இரசாயனமும் கற்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியர்களை நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு நியமிக்குமாறு மாகாணக் கல்வித் திணைக்களத்தை வற்புறுத்துவதே, மந்திரிமாரிடம் கடிதம் கேட்டுச் செல்லும் பெற்றோர் இனி அங்கே கேட்கவேண்டியது.