விக்கல் என்று சொன்ன பெண்: பழைய இலக்கியமும் பதின்ம வயதுக் காதல் நகைச்சுவையும்

அம்பாங்கில் சனிக்கிழமைதோறும் ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலருக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எல்.ஆர்.டி. தடத்தின் கடைசி நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு மண்டபத்தின் மாடியறை. ஆண்டுத் தொடக்கத்தில் பதினான்கு பேர் இருந்தனர். ஏப்ரலில் ஒன்பது பேர். எஸ்.பி.எம். தேர்வில் இலக்கியத்தை எடுப்பதா விடுவதா என்று வீட்டில் நடக்கும் விவாதங்களின் முடிவு எனக்கு நாற்காலிகளின் எண்ணிக்கையில்தான் தெரியவரும்.

ஒருநாள் தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவைக்காக ஒரு பாடலை எடுத்துச் சென்றேன். கலித்தொகையில் குறிஞ்சிக்கலி, ஐம்பத்தோராம் பாடல். கபிலர் பாடியதாக மரபு சொல்வது. இளங்கலை முதலாண்டில் நம்மில் பலர் வாய்விட்டுச் சிரித்த பாடல் அது.

கதை இதுதான். ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். சிறுவயதில் தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, பூவைப் பறித்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அந்தப் பட்டி, ஒருநாள் நானும் அம்மாவும் வீட்டிலிருந்தபோது வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு வா என்றாள் அம்மா. நானும் அவன் யாரென்று அறியாமல் போனேன். வளை அணிந்த கையைப் பற்றிக்கொண்டான். ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று அலறிவிட்டேன். அம்மா பதறி ஓடி வந்தாள். தண்ணீர் குடிக்கையில் விக்கினான் என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரித்தான், அந்தக் கள்வன் மகன்.

இது படித்தவுடன் திரைக்கதையாகத் தோன்றும் பாடல். பழைய பகை, எதிர்பாராத சந்திப்பு, பெரியவர் ஒருவர், ஒரு பொய் என்று பதின்ம வயதுக் காதல் நகைச்சுவைப் படங்களுக்குத் தேவையான அனைத்தும் இதில் உள்ளன. ஆகவே மாணவர்களிடம், ‘இதை இன்றைய அம்பாங்கில் நடப்பதாக நாடகமாக்குங்கள், பத்து நிமிடம் போதும்’ என்றேன். எளிய வேலை என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் சற்று விலகி, இத்தகைய மாற்றத்தை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று நோக்கலாம். 1990களின் பிற்பாதியில் ஹாலிவுட்டில் இது ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. 1995இல் ஏமி ஹெக்கர்லிங் இயக்கிய ‘குளூலெஸ்’ படம் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலைப் பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. 1999இல் வந்த ‘10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ’ ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தையும், 2006இல் வந்த ‘ஷீ இஸ் தி மேன்’ அவருடைய ‘டுவெல்ஃப்த் நைட்’ நாடகத்தையும் பள்ளிக்கு இழுத்து வந்தன.

ஏன் பள்ளிக்கூடம்? ஆஸ்டின் எழுதிய காலத்தில் ஒரு பெண்ணின் வாழ்வை முடிவு செய்தவை குலம், சொத்து, ஊர்வாய் ஆகியவை. இன்றைய அமெரிக்க இளம்பெண் இவற்றுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆனால் பள்ளியில் யாரோடு சாப்பிடுகிறாய், யார் உன்னோடு பேசவில்லை என்பதற்கு அஞ்சுவாள். பழைய சமூகத்தின் தர வரிசை மாறாமல் இருக்கும் இடம் பள்ளி வளாகம். அதனால்தான் எம்மா அங்கே இயல்பாக நடமாடுகிறாள்.

தமிழுக்கு வருவோம். ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ 2000 மே மாதம் திரைக்கு வந்தது. மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய குறுவட்டில் அதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்போரிடையே உண்டு என்பது எனக்குத் தெரியும். மூலம், 1811இல் வெளிவந்த ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. வேடிக்கை என்னவென்றால், மூலத்தில் அக்காள் எலினாருக்கு வயது பத்தொன்பது, தங்கை மரியானுக்குப் பதினேழு நிரம்பவில்லை. மூலமே பதின்ம வயதினரின் கதைதான். தமிழ்ப் படமோ தபுவையும் ஐஸ்வர்யா ராயையும் பள்ளிக்கு அனுப்பவில்லை, காரைக்குடி வீட்டிலேயே நிறுத்திவிட்டது. அங்கே கல்யாணமும் உயிலும் இன்னும் பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்றும் வலிமையோடு இருந்தன. பள்ளிக்கூடம் என்ற மாற்று தேவைப்படவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தேடிய ஈடுதான் பாராட்டத்தக்கது. மரியான் கவிஞர் கௌப்பரில் உருகுவாள். மீனாட்சி பாரதியில் உருகுகிறாள். மூலத்தின் கர்னல் பிராண்டன் கிழக்கிந்தியப் பகுதிகளில் பணியாற்றியவர். மம்மூட்டி ஏற்ற பாலாவோ இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் காலை இழந்தவர். பணத்துக்காக வேறொருத்தியை மணக்கும் வில்லோபி, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தர முடியாத நிதி நிறுவனக்காரன் ஸ்ரீகாந்த் ஆகிறான். கைகொடுக்க முன்வரும் அமைச்சரின் நிபந்தனை, தம் மகளை மணக்க வேண்டும் என்பது. நிதி நிறுவனங்கள் சரிந்த செய்திகளை 1990களில் படித்திருந்த சென்னைக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சுஜாதாவின் வசனமும் அதை விளக்க முற்படவில்லை.

இவ்வழக்கம் நம் திரையுலகுக்குப் புதிதும் அன்று. 1937இலேயே அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் கம்பர் மகன் கதையான ‘அம்பிகாபதி’யில் ரோமியோ ஜூலியட்டின் சாயலை ஏற்றினார். 1963இல் சிவாஜியும் பானுமதியும் நடித்த ‘அறிவாளி’ டேமிங் ஆஃப் தி ஷ்ரூவின் தமிழ் வடிவம். தங்கவேலு, முத்துலட்சுமியின் பூரி நகைச்சுவை இடம்பெற்ற படம் என்றால் உடனே நினைவுக்கு வரும். அதில் அடங்காத மனைவி அடக்கப்படுகிறாள், அரங்கம் சிரிக்கிறது. 1999ஆம் ஆண்டுப் படமோ அதே நாடகத்தை எடுத்து, மூத்தவளுக்கு ஆகும்வரை இளையவளுக்கு இல்லை என்ற தகப்பனின் விதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடக்குதலை விட்டுவிட்டது. ஷேக்ஸ்பியரின் கேத்தரினா கடைசியில் கணவனுக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பெரிய உரை ஆற்றுகிறாள். படத்தின் கேட் அந்த இடத்தில் தான் எழுதிய கவிதையை வகுப்பில் வாசித்து அழுகிறாள். எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

இதையெல்லாம் நான் மாணவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள்தாம் எனக்குச் சொன்னார்கள் என்றே கூற வேண்டும்.

முதலில் வாசல். அடுக்குமாடி வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் கேட்கப் போகிறார்கள்? லிஃப்ட் பழுதாகட்டும், ஒன்பதாம் மாடிக்கு ஏறி மூச்சு வாங்கட்டும் என்றான் ஒருவன். அவன் அனுபவம் பேசியது. தண்ணீர் மைலோ ஆயிற்று. மணல் வீட்டைச் சிதைத்தவன், தமிழ்ப்பள்ளியில் அவளது காலணியை ஒளித்து வைத்தவன் ஆனான். அடுத்து அம்மா. ‘எங்கம்மா அந்நேரம் வேலையில இருப்பாங்க’ என்றாள் ஒருத்தி. கிட்டத்தட்ட எல்லாருடைய அம்மாவும் அப்படித்தான். பாட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தோம். சரிப்படவில்லை.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவி கேட்டாள்: ‘இதுல என்னா சார் சிரிப்பு? தனியா இருக்கற பொண்ணு கையப் புடிச்சா பயமா இருக்காதா?’

நான் களவொழுக்கம், உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்று ஏதேதோ சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. இருபதாண்டுகளாக நான் சிரித்துவந்த பாடலில், அந்த அலறலை நான் ஒருமுறையும் அலறலாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் மீண்டும் பாடலை அடியடியாகப் படித்தோம். அவள் அலறுகிறாள், அது உண்மையான அலறல். அம்மா வந்து நின்ற அந்த நொடியில் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை கை அவன் பிடியில். இப்போது அவன் மானமே அவள் வாயில். ஒரு சொல் சொன்னால் அவன் தொலைந்தான். அந்த இடத்தில் அவள் தானாகத் தேர்ந்தெடுத்த சொல்தான் விக்கல். பாடலின் உயிர் கையைப் பிடித்ததில் இல்லை என்று வகுப்பில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். அந்த மாணவி, ‘அப்படின்னா புடிக்கிறத எடுத்துடலாம்’ என்றாள். எடுத்துவிட்டோம். நாடகத்தில் அவன் மைலோ குவளையை வாங்கிக்கொண்டு, பள்ளியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி அழைக்கிறான். அவள் ‘அம்மா!’ என்று கத்துகிறாள்.

அம்மா சிக்கலுக்கும் அவளே வழி சொன்னாள். அம்மா வேலையிடத்திலிருந்து கைப்பேசியில் காணொளி அழைப்பில் இருக்கிறார். மகளின் கத்தல் கேட்டுத் திரையில் முகம் பெரிதாகிறது. ‘ஒன்னுமில்லம்மா, குடிக்கும்போது விக்கிருச்சு.’ திரைக்குள்ளிருந்து எப்படி முதுகைத் தடவுவது? ‘பாவம் புள்ள, நீ தட்டி விடு’ என்கிறார் அம்மா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் கை செய்த வேலையை மகளின் கை செய்ய வேண்டியதாகிறது, அதுவும் அம்மாவின் உத்தரவின் பேரில். அறையே அதிர்ந்தது. நச்சினார்க்கினியர் கேட்டிருந்தால் உரையில் ஒரு வரி கூட்டியிருப்பாரோ என்னவோ.

நாடகத்துக்கு ‘விக்கல்’ என்று பெயர் வைத்து, மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் நடித்தார்கள். ஒத்திகையில் கடைசிவரை தீராத வழக்கு ஒன்று இருந்தது. அழைப்பைத் துண்டிக்கும் முன் அம்மாவின் முகம் சிரிக்க வேண்டுமா கூடாதா என்பது. பையன்கள் கூடாது என்றனர், அம்மாவுக்குத் தெரிந்தால் கதை கெட்டுவிடுமாம். பெண் பிள்ளைகள், கலித்தொகையின் அம்மாவுக்கே எல்லாம் தெரியும், அதனால்தான் தடவிக் கொடுத்தாள் என்று அடித்துப் பேசினர். பாடலில் அதற்குச் சான்று இல்லை என்றேன். இல்லை என்பதற்கும் சான்று இல்லையே சார் என்றனர்.

மேடையில் அம்மாவாக நடித்தவள், கேள்வி கேட்ட அதே மாணவி. அழைப்பை முடிக்கும் முன் அவள் சிரித்தாள்.