கட்டளையா, மனச்சாட்சியா?

“மேலிடத்துக் கட்டளை, நான் என்ன செய்வது?” பொலிஸ் சேவையிலுள்ள ஒரு கிறிஸ்தவன் இவ்வாறு கூறித் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாமா?

அதிகாரம் இறைவனிடமிருந்தே வருகின்றது என்று புனித சின்னப்பர் போதிக்கிறார் (உரோமையர் 13). ஆகவே நீதியான சட்டத்துக்குக் கீழ்ப்படிவது நம் கடமை. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு சட்டம் அநீதியாகிவிடாது. ஆனால் இறைவன் மனிதனுக்களித்த உரிமையைப் பறிக்கும் சட்டம் வேறு. அது சட்டம் என்பதிலும் பார்க்க வன்முறையே என்பது புனித தோமஸ் அக்குவினாசின் போதனை. இயற்கைச் சட்டத்துக்கு மாறான கொடுஞ் செயல்களைச் செய்தவர்களுக்குக் குருட்டுக் கீழ்ப்படிதல் சாக்காகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அறிவித்தது.

சுவிற்சர்லாந்தின் சென். காலன் மாநிலப் பொலிஸ் தலைவர் போல் குறூனிங்கர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியதும் யூதர்கள் எல்லையை நோக்கி ஓடிவந்தனர். ஓகஸ்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடி, வருவோரைத் திருப்பியனுப்பக் கட்டளையிட்டது. திருப்பியனுப்பினால் அவர்களுக்கு என்ன நேரும் என்பதைக் குறூனிங்கர் அறிந்திருந்தார். எல்லை மூடப்படுமுன் வந்தவர்கள் எனத் திகதியை மாற்றிப் பதிந்து, நூற்றுக்கணக்கானோரை உள்ளே அனுமதித்தார்.

1939இல் பதவி பறிபோயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. 1940இல் நீதிமன்றம் அவருக்குத் தண்டப்பணம் விதித்தது. வறுமையில் வாழ்ந்து 1972இல் இறந்தார். 1995இல்தான் நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரித்து, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது.

திகதி மாற்றிய வழியை நாம் இங்கு போற்றவில்லை. திருப்பியனுப்ப மறுத்த மனச்சாட்சியையே போற்றுகிறோம். எல்லையில் நின்றது சட்டப் புத்தகமல்ல, மனிதன். கட்டளையிட்டவனுக்குப் பெரும் பொறுப்புண்டு. அதற்காக, நிறைவேற்றுபவனின் கை சுத்தமாகிவிடாது.

அன்பான பெற்றோரே, “குடும்பம் பட்டினி கிடக்குமே” என்ற பயமே பலரை மௌனமாக்குகிறது. அந்த வேளையில் மனைவியும் மக்களும் என்ன சொல்கிறார்கள் என்பதில் அநேகம் தங்கியிருக்கிறது. நேர்மையான மறுப்புக்குக் குடும்பமே முதல் துணை.

குடும்பமாகச் சிந்திக்க:

1. பாரவோனின் கட்டளையை எபிரேய மருத்துவச்சிகள் ஏன் மீறினார்கள்? (யாத்திராகமம் 1)

2. தம்மிடம் வந்த போர்ச்சேவகருக்கு ஸ்நாபக அருளப்பர் கூறிய புத்திமதி என்ன? (லூக்காஸ் 3)

3. நம் வீட்டில் ஒருவர் மனச்சாட்சிக்காக உத்தியோகத்தை இழந்தால், நாம் அவரைக் கடிந்துகொள்வோமா, தாங்கிக்கொள்வோமா?