நாபோத்தின் தோட்டமும் முசலிக் காணியும்



அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக ஒருமுறை வாசித்துவிட்டு இப்பாடத்தைத் தொடருங்கள்.

ஆகாபு அரசன் தொடக்கத்தில் நாபோத்தை மிரட்டவில்லை. அரண்மனையை அடுத்த திராட்சைத் தோட்டத்தைத் தந்தால் அதனிலும் நல்லதொன்று தருவேன், அல்லது விலையைப் பணமாகத் தருவேன் என்றான். பேரம் என்று பார்த்தால் நல்ல பேரந்தான். நாபோத்து மறுத்தது பிடிவாதத்தினால் அன்று. நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் குடியிருக்க வந்தவர்களே, ஆகவே முதுசத்தை அடியோடு விற்கலாகாது என்பது லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின் கட்டளை. பின்பு ஈசபேல் அரச முத்திரையிட்ட கடிதங்கள் அனுப்பினாள். பொய்ச்சாட்சிகள் இருவர் வந்தார்கள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான். ஆகாபு காணியைக் கைப்பற்றப் போனபோது எலியா அந்தத் தோட்டத்திலேயே அவனைச் சந்தித்தார்.

நம் மறைமாவட்டத்தின் முள்ளிக்குளம் மக்கள் இதை வாசிக்கையில் எதை நினைப்பார்கள்? 2007 செப்டம்பர் 8, தேவமாதாவின் பிறந்த திருநாள். அன்றுதான் படையினரின் கட்டளையால் அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பின்பு அவ்வூர் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகமாயிற்று. 2012 ஜூனில் திரும்பி வந்தவர்கள் மலங்காட்டில் மரங்களின் கீழ் தங்கினார்கள். வேறு காணி தரப்படும் என்ற பேச்சு அவர்களுக்கும் வந்தது. 2017 மார்ச் 23-இல் தங்கள் ஊருக்காக வீதியோரம் அமர்ந்தார்கள். ஏப்ரல் 29-இல் 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படை அறிவித்த பின்னரே அப்போராட்டம் ஓய்ந்தது. (கடற்படையை ஆகாபோடு ஒப்பிடவில்லை. நாம் பார்ப்பது காணியை விடாதவனின் நியாயத்தை.)

இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை. அயலூர் மறிச்சுக்கட்டியின் கதையை நாம் அவ்வளவு பேசுவதில்லை. அங்கிருந்த முஸ்லிம் மக்களை 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்குமேல் அகதிகளாய் வாழ்ந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012-இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்கக்காடாகியது. முள்ளிக்குளத்தார் வீதியில் அமர்ந்ததற்கு மறுநாள், 2017 மார்ச் 24-இல், சுமார் 40,000 ஹெக்டேயரை மாவில்லு பேணற்காடாக்கும் வர்த்தமானியில் ஜனாதிபதி ஒப்பமிட்டார். மறிச்சுக்கட்டியிலும் மக்கள் அமர்ந்தார்கள். ஒரே வீதி, ஒரே மாதம், இரண்டு கொட்டகைகள்.

காட்டுக்கும் நியாயம் உண்டு. வில்பத்துவின் ஓரம் அது. லேவியர் நூலின் அதே அதிகாரம் நிலத்துக்கும் ஓய்வு கேட்கிறது. ஒதுக்கக்காட்டில் குடியேற்றத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டதற்காக, முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தம் செலவில் மரம் நட வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதை இலேசாகத் தள்ளலாகாது. ஆனாலும் வெளியேற்றப்பட்டவன் இல்லாதபோது அவன் வளவில் முளைத்த காடும், கோடரி படாத பழங்காடும் வரைபடத்தில் ஒரே பச்சை. வேறுபாட்டை அறிய ஊர் ஊராய் நடந்து கிணற்றையும் மையவாடியையும் பார்க்க வேண்டும். எலியாவும் தோட்டத்துக்கே போனார் அல்லவா?

நாபோத்தைக் காத்த கட்டளை, நிலம் ஆண்டவருடையது என்பதில் நிற்கிறது. அப்படியானால் ஞானஸ்நான ஏட்டில் பெயர் உள்ளவனுக்கு ஒரு முழம், பள்ளிவாசல் ஏட்டில் உள்ளவனுக்கு வேறு முழம் என்று அளக்க நமக்கு இடமில்லை. முள்ளிக்குளத்துக்காக மன்றாடிய நம் பங்குகளில் எத்தனை, அந்த மற்றக் கொட்டகைக்காகவும் மன்றாடின?

மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு கேள்வி. ஆகாபு மனம் வருந்திச் சாக்கு உடுத்தி நோன்பிருந்தான். ஆண்டவர் தண்டனையைத் தள்ளி வைத்தார். ஆனால் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதுமா, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமா? ஏழாம் கட்டளையைப் படித்த பிள்ளைகள் பதில் சொல்லட்டும். பின்பு, நூற்றில் ஒரு பங்கை மட்டும் கொடுத்தால் என்ன என்றும் கேளுங்கள்.