மலைப்பாம்பின் வளர்ச்சி

சுரண்டை வயல்வெளியில் நின்று மேற்கே நோக்கினால் குற்றால மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அம்மலைப் பகுதியில் வாழும் பாம்புகளுள் மிகப் பருத்தது மலைப்பாம்பு. இது நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்கும். பெரும்பாலும் பத்தடி அளவு வளரும்.

இதற்கு உறவான வலைக்கோல மலைப்பாம்பு தென்கிழக்காசியாவிலும், நம் நாட்டின் நிக்கோபார்த் தீவுகளிலும் வாழ்கின்றது. உலகில் மிக நீண்ட பாம்பினம் இதுவே. அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட 'மெடூசா' என்னும் பாம்பை 2011-ஆம் ஆண்டில் அளந்தபோது, அதன் நீளம் 7.67 மீட்டர் இருந்தது.

ஆயினும், இவ்வினம் எங்கும் ஒரே அளவாய் வளர்வதில்லை. இந்தோனேசியாவின் தானாஜம்பியா தீவில் வாழ்பவை குள்ளமானவை. 2002-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அவற்றைத் தனித் துணையினமாக வகுத்தனர். சிறு தீவில் பெரிய இரை அரிது. ஆதலின், சிறிதளவு உணவால் உயிர்வாழவல்ல சிற்றுடற் பாம்புகளே அங்குத் தழைத்தன என்பர்.

அப்பாம்புகளைக் கூண்டில் வைத்து வயிறார ஊட்டினால் என்னாகும்? தீவில் இருந்ததினும் சற்றுப் பெருக்கலாம். ஆனால், பெருநிலத்துப் பாம்புகளின் நீளத்தை எட்டுவதில்லை. உணவு வளர்ச்சியை விரைவுபடுத்தும்; அதன் எல்லையைப் பெரிதும் வகுப்பது பரம்பரையே. அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் கொழுப்பு மிகுந்து நோயே விளையும்.

மாணவர்களே! குள்ள வகையும் ஆளுயரத்தை மிஞ்சி வளரக்கூடியதே. அது விளையாட்டுப் பொருளன்று. நம் மலைப்பாம்பைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வயலில் எலிகளை உண்டு உழவர்க்கு உதவும் அவ்வுயிரைக் கண்டால், விலகி நின்று வனத்துறையினர்க்கு அறிவிப்பதே நம் கடமை.