போதிதர்மர் எழுதாத புத்தகம்

திருகோணமலை டச்சு பே கடற்கரையில் காலைநடை போகிறவர்களிடம் சிகொங் என்ற சீன மூச்சுப் பயிற்சியைப் பற்றி வாய் திறந்தால் போதும். "அது எங்கட ஆள் சீனனுக்குப் படிப்பிச்சது" என்பார்கள். காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் ஷாவோலின் மடத்துக்கு மூச்சுக்கலையைக் கொண்டுபோனாராம். யிஜின் ஜிங் என்ற பயிற்சி நூலையும் அவரே எழுதிவைத்தாராம். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபிறகு இந்தக் கதைக்குச் சாட்சி கேட்பாரில்லை.

கேட்டால் கதை நிற்காது. சீனாவின் மாவாங்துய்யில் 1970களில் தோண்டிய ஒரு கல்லறையில் பட்டோவியம் கிடைத்தது. அதில் 44 மனித உருவங்கள் உடலை வளைத்தும் நீட்டியும் பயிற்சி செய்கின்றன. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். போதிதர்மர் சீனா போனதாகச் சொல்லப்படுவதோ கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில். பிறப்பதற்கு அறுநூறு வருசத்துக்கு முன்பே வந்து படிப்பித்தாரா?

புத்தகக் கதை இன்னும் மோசம். யிஜின் ஜிங்கின் பின்னுரையில் உள்ள ஆண்டு 1624. எழுதியவர் ஒரு தாவோயத் துறவி. அதற்குப் பழமை பூச, தாங் அரசமரபுத் தளபதி லீ ஜிங் 628இல் எழுதியதாக ஒரு முன்னுரையை ஒட்டியிருக்கிறார்கள். அதில் வரும் 'சுருள்தாடி வீரன்' பிற்காலச் சிறுகதை ஒன்றின் கற்பனைப் பாத்திரம்! 1809இல் மறைந்த சீன அறிஞர் லிங் திங்கானே இந்த நூலைப் போலி என்று எள்ளினார். போதிதர்மரைத் தென்னிந்தியர் என்னும் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பு உண்டு, மறுக்கவேண்டாம். அதிலும் உடற்பயிற்சி என்ற பேச்சே இல்லை.

பயிற்சிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சலிப்பவர்கள் கவனிக்கட்டும். யிஜின் ஜிங்கின் பழைய பிரதிகள் மரக்கட்டையாலும் கூழாங்கல் பையாலும் உடம்பைத் தட்டி இறுக்கச் சொல்கின்றன. இன்று பலரும் செய்யும் பன்னிரண்டு நிலைகள் 19ஆம் நூற்றாண்டு அச்சுகளிலேயே பரவின. எது எந்தக் காலத்துப் பாடம் என்று தெரியாதவர், குருவாக்கென்று நம்பி வயிற்றில் குத்திக்கொண்டிருப்பார்.

இதுபோன்ற கதைகள் இன்னும் உண்டு. பதஞ்சலி பிறந்தது கோணேசர் கோயிலடியில் என்பதும் ஊர்ப்பெருமைதான். யோக சூத்திரம் தன் ஆசிரியரின் ஊரைச் சொல்லவேயில்லை. சிகொங் செய்தால் சலரோகக் குளிசையை நிறுத்தலாம் என்பது ஆபத்தான பொய். வாசித்தால் பயிற்சி கெடும் என்பது சோம்பேறிகளின் வேதம்.

பதிப்பாண்டும் மூலப்பிரதி விவரமும் இல்லாத 'சித்தர் இரகசிய' மலிவுப் பதிப்புகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். மெயர் ஷாஹார் 2008இல் எழுதிய ஷாவோலின் வரலாற்றை எடுத்துத் தரும்படி உங்கள் பொது நூலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.