திண்ணைக்குப் போய்க் கேளுங்கள்

கேள்வி: முதியோருக்கான சேவைகள் பற்றிக் கருத்துக் கேட்க கிராமசபை போதாதா?
– வாசகர், சோளக்காடு, கொல்லிமலை

பதில்: போதாது. கிராமசபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஆனால் முட்டிவலியோடு மேடு ஏறி வர முடியாத பாட்டிக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. வந்தவர்களை மட்டும் கேட்டால், நடக்க முடிந்தவர்களின் திருப்திதான் பதிவாகும். 1,200 ரூபாய் உதவித்தொகைக்கு எத்தனை நடை, களைக்கொத்து பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகை மெஷினில் எத்தனை முறை பதியவில்லை என்பதையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன, கேள்வியும் அப்படிப் போகலாமே! மாத்திரை தருபவரிடமே குறை சொல்வார்களா என்பீர்கள். நியாயம்தான். அதனால் கேட்பவர் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். பெயரை விட்டுவிட்டு, குறையை மட்டும் கிராமசபையில் வாசிக்கட்டும், தீர்மானத்தில் ஏற்றட்டும். அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து இதைக் கேளுங்கள்.